இரண்டு மாடி, ஒரு கிணறு

சரோஜா அன்று காலையில் கதவைத் திறந்ததும் விழித்தது ஓரகத்தியின் முகத்தில்தான். அதுவும் எட்டடி உயரத்தில்.

ஃப்ளெக்ஸ் பேனர். ‘நீர் காத்த மங்கை பாண்டிச்செல்வி ராஜசேகர் அவர்களை நாவல்தாங்கல் ஊராட்சி மனதார வாழ்த்துகிறது.’ ஓரத்தில் ஊராட்சித் தலைவி பாஞ்சாலி கை கூப்பி நின்றாள். நடுவில் பாண்டிச்செல்வி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் அருவி கொட்டியது. ஒரகடம் பக்கத்தில் அருவி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பேனர் அடிப்பவரைக் கேளுங்கள்.

அருவியைக்கூட சரோஜா பொறுத்துக்கொண்டிருப்பாள். பேனரைக் கட்டியிருந்த இடத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. ரோட்டைப் பார்த்த சுவர் அவள் பாகத்துச் சுவர். கயிற்றை அவளுடைய ஜன்னல் கம்பியில்தான் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

“என் வூட்டு ஜன்னலு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நேத்து வந்தவளுக்கு மாலை, மூத்தவளுக்குக் கயிறா?” என்று வாளித் தண்ணீரை வாசலில் விசிறி அடித்தாள். பாதி அவள் கால் மேலேயே விழுந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இந்த இருவரையும் நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதுவரை காபி குடித்துவிட்டு வரலாம்.

ரகுபதியும் ராஜசேகரும் அண்ணன் தம்பி. அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன், அதாவது சரோஜாவின் புருஷன், கம்பெனி பஸ் ஓட்டுகிறான். தம்பி கார் பாகம் செய்யும் ஃபாக்டரியில் வேலை பார்க்கிறான். பிரிக்காமல் பொதுவில் விட்டது பின்கட்டுக் கிணறு ஒன்றைத்தான். அதுவும் பாசத்தினால் இல்லை. வறண்ட கிணற்றுக்கு யார் சண்டை போடுவார்கள்? சுற்றிலும் பிளாட்டும் ஹாஸ்டலும் முளைத்து, லாரித் தண்ணீர்க்காரர்கள் போர் போட்டு இரவும் பகலும் உறிஞ்சியதில், அந்தக் கிணற்றில் பிளாஸ்டிக் பையும் உடைந்த பக்கெட்டும்தான் கிடந்தன.

அப்போதுதான் ராஜசேகர் பாண்டிச்செல்வியைக் காதலித்துக் கூட்டி வந்தான். விளாத்திகுளம் பக்கத்துப் பெண். செல்ஃபோன் கம்பெனி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். வானத்தைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, ஐப்பசி மழையில் மாடித் தண்ணீர் அத்தனையும் தெருவில் ஓடி வீணாவதைக் காணப் பொறுக்கவில்லை. கிணற்றுக் குப்பையை வாரினாள். தூர் எடுக்க ஆள் வைத்தாள். இரண்டு பாகத்து மொட்டை மாடித் தண்ணீரையும் குழாய் வைத்து இறக்கி, ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிகட்டிக் கிணற்றுக்குள் விட்டாள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. போன சித்திரையில் தெருவே காலிக் குடத்தோடு நின்றபோது, அந்தக் கிணற்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

அன்று பிடித்தது சனி. மாமனார் வெட்டிய கிணற்றுக்கு ஊர் வாயில் ‘பாண்டிச்செல்வி கிணறு’ என்று பேர் வந்துவிட்டது. சரோஜா தன் பாகத்துப் பின்பக்கத்தில் ரூம் ரூமாக வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டுக்கு டேங்கர் கொண்டுவரும் டிரைவர் மகாராஜாகூட ஃபோனில் வழி சொன்னால், “தெரியும்கா, பாண்டிச்செல்வி கிணத்தாண்ட” என்பான். சரோஜா சபதம் போட்டாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு என் பாகத்துக்குள் வரக் கூடாது. குடிக்கக் கேன், புழங்க டேங்கர். பின்பக்கக் கதவைச் சாத்தியவள் சாத்தியவள்தான்.

போன வாரம் அவள் செய்த காரியம் உங்களுக்கு நினைவிருக்கும். சொந்த மாடித் தண்ணீர் எதற்கு ஓரகத்தி பேரில் போய் விழ வேண்டும் என்று, தன் பக்கத்துக் குழாயின் எல்போவைக் கழற்றிப் போட்டாளே, அதுதான். எல்போ என்பது குழாய் திரும்புகிற இடத்தில் மாட்டும் முட்டி. பாண்டிச்செல்வி அதை வேண்டுமென்றேதான் ஒட்டாமல் விட்டிருந்தாள். வருஷத்தின் முதல் மழை மாடி அழுக்கையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அதைக் கிணற்றில் விடாமல் எல்போவைக் கழற்றி வெளியே போக்கிவிட்டு, அடுத்த மழைக்கு மாட்டிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான் பொறாமைக்காரக் கைக்கும் வசதியாகப் போயிற்று.

சரி, காபி குடித்தவர்கள் திரும்பி வரலாம்.

வாசலைத் தெளித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அருள்பாண்டி நின்றான். லைன் வீட்டுக் கீழ் ரூம்காரன். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். கையில் சொட்டச் சொட்ட ஒரு தலையணை.

“யக்கா, ராத்திரி பெஞ்ச மழையில மாடித் தண்ணி பூராம் எங்க ரூமுக்குள்ள வந்துட்டு. பாய், பை, சர்டிபிகேட்டு எல்லாம் நனைஞ்சு போச்சு. பின்னால போய் பாத்தா கொழாயில அந்த எல்போவக் காணும். எவனோ கழட்டிப் போட்டுட்டான்.”

“எதுனா ஆடு மாடு தட்டி வுட்டுருக்கும்.”

“மாடு எப்படிக்கா எல்போவக் கழட்டும்?” அருள்பாண்டி தலையணையைப் பிழிந்தான். “நம்ம பாண்டியக்காட்ட சொல்லட்டா? இன்னைக்கு யூனியன் ஆபீஸ்ல இருந்து கிணத்தப் பாக்க வாராகளாமே. அவுகன்னா ஒரு நிமிசத்துல மாட்டிப்புடுவாக.”

நம்ம பாண்டியக்கா! வாடகை வாங்குகிறவள் சரோஜா. குழாய் உடைந்தால் ஆள் வைக்கிறவள் சரோஜா. நம்ம அக்கா மட்டும் அவள்.

“அவளாண்ட ஒண்ணும் சொல்லாதே. எனுக்குக் கையில்லியா? நான் பாத்துக்கறேன், நீ போ.”

அவன் போனதும் சரோஜா சமையலறையில் கரித்துணியாகக் கிடந்த பழைய புடவையில் ஒரு கிழிசலை இழுத்துக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். மஞ்சளில் சிவப்புப் பொட்டு போட்ட புடவை. மறுவீட்டுக்கு அவள் அம்மா எடுத்துக் கொடுத்தது.

லைன் வீட்டுக்குப் பின்னால் சந்து. சுவரை ஒட்டி மேலிருந்து இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் இறங்கி முழங்கால் உயரத்தில் நின்றன. ஒன்று மொட்டை மாடியிலிருந்து வருவது. இன்னொன்று, மாடி ரூம்காரர்கள் குளிக்கிற, துணி துவைக்கிற பாத்ரூம் தண்ணீர் நேரே கீழே சாக்கடையில் விழுவதற்காக ரகுபதி புதிதாக இறக்கியது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே பருமன். கீழே, கிணற்றுத் தொட்டிக்குப் போகிற குழாய் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

எது எந்தக் குழாய் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சரோஜாவைத் தவிர. இரண்டாவது குழாயை இறக்கிய அன்று பாண்டிச்செல்விதான் பக்கத்தில் நின்று வேலைக்காரர்களுக்கு மோர் கொடுத்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சரோஜா கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்தாள். போன வாரம் கழற்றியதும் அந்தி மங்கலில். கைக்கு அகப்பட்ட எல்போவைப் பிடுங்கி எறிந்தவள், அது எந்தக் குழாயில் இருந்தது என்று நின்று பார்க்கவில்லை.

இப்போது மாட்டினாள். எல்போ லொடலொடவென்று ஆடியது. புடவைக் கிழிசலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டவள் மாதிரி!

அவள் மாட்டியது பாத்ரூம் குழாயில். உங்களிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

மேலே நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்கள் ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் தென்றல் பையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு சித்தி பாகத்துக்குள் நுழைந்ததை சரோஜா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். தினமும் எரிவதுதான்.

“ஏண்டி, இங்க கேன் தண்ணி கீது இல்ல?”

“அது பிளாஸ்டிக் வாசனை அடிக்குதும்மா.”

“அவ கிணத்துல மட்டும் பன்னீரு ஊறுதா?”

“அது தாத்தா கிணறும்மா. நீதான் அவங்க கிணறுன்னு சொல்ற.”

சரோஜாவுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, தன் வாயும் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறது என்று. அடுப்பைத் திருகினாள்.

அந்தப் பக்கம் பாண்டிச்செல்விக்குக் கை ஒழியவில்லை. வருகிறவர்களுக்காகக் கிணற்றடியைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அவள் இறைத்துத் தெளிய வைத்து வடிகட்டிக் கொடுப்பாள். இன்று தென்றலே வாளியை விட்டு இறைத்தாள். பாட்டிலை நிரப்பினாள். “வர்றேன் சித்தி, ஆல் த பெஸ்ட்!” என்று கத்திவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அம்மாவுக்கு ஒரு ‘வர்றேன்’ கிடைக்கவில்லை.

ரகுபதி பஸ்ஸை விட்டுவிட்டு வந்து, பேனரைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினான். முகமெல்லாம் பல்.

“பாத்தியா சரோ? நம்ம வூட்டு பேரு ரோட்டுல நிக்குது. பஸ்ஸு புல்லா இதே பேச்சுதான். செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பிக்கினே வருதாம், எப்ப வேணா தொறந்து வுடுவாங்களாம். அவ்ளோ தண்ணியும் கடலுக்கு. சித்திரை வந்தா நாம லாரி பின்னால ஓட வேண்டியது. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் மாடியில வுழற தண்ணிய புடிச்சு வெச்சுது. மூளைக்காரி!”

“மூளை இல்லாதவ கையால இட்லி சாப்புடறியா, இல்ல அங்க போய் சாப்புடறியா?”

“இப்ப இன்னா சொல்லிட்டேன் நானு?” அவன் இட்லியைப் பிட்டான். பிட்ட கையோடு, “வர்றவங்களுக்கு நீயும் நாலு வடை போட்டு எடுத்தாயேன். பாண்டி தனியா கஷ்டப்படுது பாவம்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ‘சரோ கஷ்டப்படுது பாவம்’ என்று இந்த வாயிலிருந்து வந்திருக்கிறதா? யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. எண்ணெய் காய்வதற்குள் அவள் மனசு காய்ந்துவிட்டது. வடை போட்டாள், ஆமாம் போட்டாள். உப்பைத்தான் போடவில்லை.

வெயில் ஏறி வந்த வேளையில் ஜீப் வந்தது. பாஞ்சாலி புதுப் பட்டுப்புடவையில் இறங்கினாள். கூடவே ஒன்றிய அலுவலகத்து இன்ஜினீயர் அம்மா, கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரி. தெரு முழுக்கப் பின்னால் வந்தது. விஷயம் இதுதான்: இந்தக் கிணற்றை இன்ஜினீயர் பார்த்து ‘சரி’ என்று சொல்லிவிட்டால், ஊரில் தூர்ந்து கிடக்கிற மற்றக் கிணறுகளுக்கும் இதே மாதிரி செய்ய அரசாங்கத்தில் பணம் கேட்கலாம். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்கும் டேங்கர்தான்.

“பாண்டி, நீயே எறைச்சுக் காட்டுமா. அம்மா ஒரு வாய் குடிச்சுப் பாக்கட்டும்” என்றாள் பாஞ்சாலி.

சரோஜா வரக் கூடாது என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. மாதக்கணக்காகத் திறக்காத பின்பக்கக் கதவைத் திறந்து, வடைத் தட்டோடு நிலைப்படியில் நின்றாள்.

பாண்டிச்செல்வி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியை விட்டாள். உருளை கிரீச்சிட்டது. வாளி மேலே வந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

வாளி நிறைய நுரை.

வாளியில் மட்டுமா? எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். கிணற்றின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளை வெளேரென்று மிதந்தது. சோப்பு வாசனையும் துணி அழுக்கு நாற்றமும் கலந்து குப்பென்று அடித்தது.

அந்த நிமிஷத்தில் சரோஜாவுக்கு என்ன தோன்றியது என்று நான் மழுப்பப் போவதில்லை. சந்தோஷம் பொங்கியது. நாக்கில் வெல்லம் கரைகிற மாதிரி இருந்தது அவளுக்கு. மங்கையாம்! நீர் காத்த மங்கையாம்! இப்போது கட்டுங்களேன் பேனரை!

இன்ஜினீயர் அம்மா வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். “குளிக்கிற தண்ணி கலந்திருக்குங்க. நிறைய கலந்திருக்கு. இந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. இன்னைக்கு யாராவது எடுத்துட்டுப் போயிருந்தாலும் கொட்டிடச் சொல்லுங்க. கிணத்த உடனே மூடணும்.”

“இன்னாம்மா பாண்டி இது?” பாஞ்சாலியின் குரல் உடைந்தது. “இந்த ஒரு கிணத்தக் காட்டித்தானேமா மத்ததையெல்லாம் கேக்கலாம்னு இருந்தோம்.”

“காலைல கழுவுதப்ப ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் கெடந்துச்சு...” பாண்டிச்செல்விக்கு நா குழறியது. முகம் சுண்டிப் போயிருந்தது.

ரகுபதி முன்னால் வந்தான். “அவசரக்குடுக்கை! எல்லாத்துலயும் அவசரம். எந்தக் கொழாய எங்க வுட்டியோ! ஊரக் கூட்டி எங்கப்பா கிணத்த நாறடிச்சுட்டியே!”

இட்லி சாப்பிட்ட கை காய்வதற்குள் மூளைக்காரி அவசரக்குடுக்கை ஆகிவிட்டாள். சரோஜாவுக்கு அதுவும் தித்தித்தது. தித்தித்துக்கொண்டே இருக்கும்போதுதான் யாரோ கூட்டத்தில் கேட்டார்கள்.

“அது சரி, யாரு வூட்டு பாத்ரூம் தண்ணி இது?”

சரோஜாவின் கையில் தட்டு சாய்ந்தது. ஒரு வடை உருண்டு விழுந்தது.

இரண்டு குழாய். ஒரே நிறம். ஐயோ!

பாண்டிச்செல்வி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் லைன் வீட்டுச் சந்துக்குள் போனாள். சரோஜா ஒரு அடி முன்னால் வைத்தாள். அங்கே எல்போவில் மஞ்சளில் சிவப்புப் பொட்டு போட்ட கிழிசல் கட்டியிருக்கிறது. அந்தப் புடவையை இந்தத் தெருவில் அறியாதவர் கிடையாது. இருபது பொங்கல் கட்டி அலுத்த புடவை. இப்போது எடுத்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் ஆட்டப் போகிறாள். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன் என்று சரோஜா நினைத்தாள். கொடி மாதிரி ஆட்டியிருப்பேன்.

பாண்டிச்செல்வி திரும்பி வந்தாள். வலது கை இறுக மூடியிருந்தது. விரல் இடுக்கில் மஞ்சளாக ஒரு நூல் தெரிந்தது. சரோஜா அதைப் பார்த்தாள். சரோஜா பார்த்ததை பாண்டிச்செல்வியும் பார்த்தாள்.

“எம்மேலதான் தப்பு” என்றாள் பாண்டிச்செல்வி. “எல்போவ மாத்தி மாட்டிப்புட்டேன். ரெண்டு கொழாயும் ஒண்ணு போல இருந்துச்சு. கவனிக்கல. எல்லாரும் மன்னிச்சுக்கிடுங்க.”

கூட்டத்தில் மெள்ள ஒரு குரல் எழுந்தது.

“பாவம்யா. பட்டுனு ஒத்துக்கிச்சு பாரு பொண்ணு.”

“எத்தினி பேருக்கு வரும் இந்த மனசு?”

இன்ஜினீயர் அம்மா அவள் தோளைத் தட்டினாள். “பரவாயில்லம்மா. தப்பை உடனே சொன்னீங்களே, அதுவே பெரிசு. முழுக்க இறைச்சு, கழுவி, குளோரின் போட்டு மறுபடி டெஸ்ட் எடுப்போம். உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தா ஊருக்கே செய்யலாம்.”

பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரகுபதிகூடத் தொண்டையைச் செருமிவிட்டு, “வுடு பாண்டி, தெரியாம நடந்துச்சு” என்றான்.

ஒரு பெண் சரோஜாவின் காதில் கிசுகிசுத்தாள். “ஒன் ஓரகத்தி தங்கம்டி.”

போதும். அதற்கு மேல் சரோஜாவால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கப் போனவள் அங்கேயும் மாலையோடு திரும்புகிறாளே! கிணற்றை நாறடித்தவள் நான். நல்ல பேர் அவளுக்கா?

வடைத் தட்டு தரையில் மோதிச் சுழன்றது.

“நிறுத்துங்கடி! அத மாட்டினது நானு!”

எல்லாத் தலைகளும் திரும்பின.

“போன வாரம் கழட்டினதும் நானு, இன்னிக்குக் காத்தால மாத்தி மாட்டினதும் நானு! அவ இல்ல. பாண்டி, கையத் தொற. தொறந்து காட்டுடி! அது எங்கம்மா எனுக்கு எடுத்த பொடவ. எல்லாத்தையும்தான் எடுத்துக்கினே. கிணறு ஒன் பேரு. புருஷன் வாயில ஒன் பேரு. பெத்த பொண்ணு வாயில ஒன் பேரு. நான் பண்ண தப்பையாச்சும் எனுக்கு வுட்டு வெய்யேன்!”

சொல்லி முடித்ததும் அவளுக்கே அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினாள். பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பாண்டிச்செல்வி கையைத் திறந்தாள். சுருண்டு நனைந்த மஞ்சள் துணியைச் சரோஜாவின் கையில் திணித்தாள்.

“ஒங்க மேல பாசத்துல மறைச்சேன்னு நெனச்சீகளாக்கும்?” அவள் குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் கொதித்தது. “பிடிக்கலன்னா எங்கிட்ட வந்து சண்டை போட வேண்டியதுதானக்கா? கிணத்துல என்னத்துக்கு விடுதீக? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இந்தத் துணிய ஒங்க மூஞ்சில வீசியிருப்பேன். தென்றலு ஸ்கூல் விட்டு வந்து நிக்கும்லா? தெருவே அதுட்ட ஒங்க அம்மா பண்ண வேலையப் பாருன்னு சொல்லும்லா? அந்தப் பிள்ள மொகத்துக்காகத்தான் வாய மூடினேன்.”

தென்றல்.

சரோஜாவுக்கு ஜன்னல் நினைவு வந்தது. பாட்டில் நினைவு வந்தது. பிளாஸ்டிக் வாசனை அடிக்குதும்மா.

“பாண்டி...” அவள் ஓரகத்தியின் கையைப் பிடித்தாள். “காத்தால தென்றலு... பாட்டில்ல... எதுலேர்ந்து ரொப்பினா?”

பாண்டிச்செல்வியின் கண் வாளிக்குப் போயிற்று, நுரைக்குப் போயிற்று. உதடு வெளுத்தது.

அப்போது அவள் இடுப்பில் செருகியிருந்த ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ‘தென்றல் ஸ்கூல்’ என்று மின்னியது.

பள்ளிக்கூடத்தில் தென்றல் கொடுத்திருந்தது சித்தியின் நம்பர்.

வேறு நாளாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கு சரோஜா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். இன்று அவள் எரியவில்லை. “எடுடி, சீக்கிரம் எடு” என்றாள்.

பாண்டிச்செல்வி எடுக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஃபோனை அப்படியே சரோஜாவின் கையில் வைத்தாள்.

“நீங்க பேசுங்கக்கா.”

சரோஜா ஈரத் துணியோடு சேர்த்தே ஃபோனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒரு டீச்சரின் குரல் அவசரமாகக் கேட்டது.

“ஹலோ, தென்றலோட சித்தி பாண்டிச்செல்விங்களா?”

“இல்லீங்க” என்றாள் சரோஜா. “அம்மா. நான் அவ அம்மா பேசறேன். எம்பொண்ணுக்கு இன்னா ஆச்சு?”